சுயேட்சைக் குழுப் பட்டியலில் கையெழுத்துக் கேட்டு வந்தால், வைக்க முன் இதை வாசியுங்கள்

மாகாணசபைத் தேர்தல் வரப்போகிறது என்ற கதை திரும்ப அடிபடத் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் ஒருவர் வீடு வீடாகப் போய் வருகிறார். சுயேட்சைக் குழு போடப் போகிறாராம், நல்ல ஆட்கள் தேவையாம், பெண்களுக்கு முதலிடமாம். போன கிழமை எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி வீட்டுக்கும் போயிருக்கிறார். அவள் வந்து "என்னக்கா செய்யிறது?" என்று கேட்டபடியால்தான் எழுதுகிறேன். 2024 பாராளுமன்றத் தேர்தலில் இதே ஆளை நம்பிக் கையெழுத்து வைத்தவள் நான்.

நான் தென்மராட்சியில் வீட்டோடு தையல் செய்கிறவள். எங்கள் மாதர் சங்கத்தில் சில வருடம் பொருளாளராக இருந்தேன். நுண்கடன் எடுத்துவிட்டு, கிழமைக் கட்டுக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, கடைசியில் தாலியையும் அடைவு வைத்த பெண்களின் கணக்கையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இதை ஒரு மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருந்தது. அவர் அதைத்தான் பிடித்தார். "அக்கா, உங்களைப் போல ஆக்கள்தான் வரவேணும். கையெழுத்தை மட்டும் வையுங்கோ, மிச்சமெல்லாம் நான் பாக்கிறன்" என்றார்.

2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம். ஆசனத்தோடு 3 சேர்த்து ஒரு பட்டியலில் 9 பேர் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பட்டியல் நிற்காது. அதாவது அவருக்கு என்னுடைய கொப்பியோ பேச்சோ தேவைப்படவில்லை, ஒரு பெயர் தேவைப்பட்டது. அன்றைக்கு இது எனக்கு விளங்கவில்லை.

வேட்புமனுவுக்கு ஒக்டோபர் 11 கடைசி நாள். அதற்கு இரண்டு நாள் முன்னம் இரவு ஏழு மணிக்குப் பிறகு கடதாசிக் கட்டோடு வந்தார். வெட்டித் தைக்கிற மேசையில், ஒரு சட்டைத் துணிக்கு மேலேயே வைத்து, "இதில, இதில, இதில" என்று விரலால் காட்டினார். அதில் ஒன்று பிரிவினைக்கு ஆதரவு தரமாட்டேன் என்று அரசியலமைப்பின்படி எல்லா வேட்பாளரும் செய்ய வேண்டிய சத்தியம். சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட வேண்டியது அது. ஆனால் நான் பேனையை எடுக்க முன்னமே அதில் சமாதான நீதவானின் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. நீலமை நன்றாகக் காய்ந்திருந்தது. அதைக் கண்ணால் கண்டும் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்தேன். இந்த ஒரு இடத்தை நினைத்துத்தான் இன்றைக்கும் எனக்கு நித்திரை வருவதில்லை.

அப்புறம் காசு. தேர்தலில் நிற்கக் கட்ட வேண்டிய கட்டுப்பணம் ஆளுக்கு 25,000 என்றார். விருப்பு வாக்குப் போட ஒவ்வொரு வேட்பாளருக்கும் கொடுக்கிற விருப்பிலக்கத்தில் ஒன்றாம் நம்பரை எடுத்துத் தர 15,000. துண்டுப்பிரசுரம், சுவரொட்டிக்கு 60,000. எல்லாமாக ஒரு லட்சம். எனக்கு அந்த மாதம் விழுந்த சீட்டுக் காசு, மகளின் படிப்புக்கென்று கட்டிவந்தது. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "குழுவின்ரை பேரில மொத்தமா எடுக்கிறன் அக்கா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

எனக்குக் கிடைத்த இலக்கம் 7. கேட்டதற்கு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றார்.

துண்டுப்பிரசுரம் தேர்தலுக்கு நாலு நாள் இருக்க வந்தது. விறாந்தையில் இருந்து தையல் கத்தரிக்கோலால் கட்டை வெட்டினேன். மை மணம் போகவில்லை. முன்பக்கம் முழுக்க அவருடைய முகம், அவருடைய விருப்பிலக்கம். பின்பக்கத்தின் அடியில் மற்ற எட்டுப் பேரும் முத்திரை அளவில். என் படத்துக்குக் கீழே பெயர் இருந்தது, இலக்கம் இல்லை. ஒரு வாக்காளர் மூன்று விருப்பு வாக்குப் போடலாம். அதில் ஒன்றையாவது எனக்குப் போடுங்கள் என்று கேட்கக்கூட அந்தத் தாளில் இடம் இல்லை. நுண்கடன் பற்றி நான் எழுதிக் கொடுத்த பத்து வரியில் ஒரு சொல்லும் இல்லை. மாதர் சங்கத்துப் பெண்கள் நோட்டீஸ் கேட்டு வந்தபோது அந்தக் கட்டைச் சாக்கால் மூடி வைத்தேன்.

நவம்பர் 14 வாக்களிப்பு. எங்கள் குழுவுக்கு ஆசனம் கிடைக்கவில்லை. தோற்றதில் எனக்குக் கவலை இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய விசயம், தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தனக்கு வந்த பணத்துக்கும் செலவழித்த பணத்துக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். வென்றவர், தோற்றவர், ஒரு வாக்கும் எடுக்காதவர் எல்லாருக்கும் அது பொருந்தும். கொடுக்காவிட்டால் வழக்கு வரும். தண்டப்பணத்தோடு 3 வருடம் குடியியல் உரிமையும் பறிபோகலாம். எங்களுக்குக் கடைசி நாள் டிசம்பர் 6. அவர் எங்களிடம் சொன்னது, "நான் குழுவுக்கு ஒண்டாக் குடுத்திடுவன், நீங்கள் அலையத் தேவையில்லை." நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணி, தையல் மெசினைக் கட்டிலுக்கு மேலே ஏற்றிவிட்டு இருந்தோம். கணக்கு நினைவிலேயே இல்லை.

டிசம்பர் 5 இரவு, வேறொரு பட்டியலில் நின்ற என் பள்ளித்தோழி போன் எடுத்து "நீ குடுத்திட்டியா?" என்று கேட்டாள். நான் அவருக்கு எடுத்தேன். போன் ஓவ். விடிய முதல் பஸ்ஸில் கண்டி வீதியால் போய்க் கச்சேரியடியில் இறங்கினேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை. படிவத்தைத் தந்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லித் தந்தார். கட்டுப்பணம் 25,000 என்று நான் எழுதப்போக, கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, சுயேட்சைக் குழுவுக்கு ஒரு வேட்பாளருக்கு 2,000 தான். ஒன்பது பேருக்கும் 18,000." விருப்பிலக்கத்தையும் கேட்டேன். அது பெயர்களின் சிங்கள அகரவரிசைப்படி போடப்படுவது, யாருக்கும் காசு கொடுத்து எடுக்க முடியாது என்றார். அந்த வாங்கில் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பிறகு கையில் இருந்த உண்மையை எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் குழுவில் நின்ற ஒரு தம்பிக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கணக்குக் கொடுக்காததால் பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தான். வெளிநாட்டு வேலைக்கு அலுவல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அவனுடைய தாய் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, நானும் நின்றேன் என்ற நம்பிக்கையில்தான் மகனை விட்டதாம்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "செலவழிஞ்சு போச்சு" என்றதோடு சரி. பற்றுச்சீட்டு இல்லாமல் முறைப்பாட்டில் எதைக் காட்டுவது?

வடக்கு மாகாணசபைக்கு 2013இல் தேர்தல் நடந்தபோது யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 16 ஆசனம், ஒரு பட்டியலுக்கு 19 பெயர். அதே முறையில் இனி நடந்தால் அவருக்கு 19 கையெழுத்துத் தேவைப்படும். பெண்கள் அரசியலுக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வரத்தான் வேண்டும். கட்டுப்பணம் எவ்வளவு என்று கச்சேரியில் உள்ள தேர்தல் அலுவலகத்தில் நீங்களே போய்க் கேளுங்கள். சமாதான நீதவானிடம் நீங்களே நேரில் போய் அவர் முன்னால் ஒப்பமிடுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாவுக்கும் அன்றைக்கே பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணக்கை வேறு யாரின் கையிலும் விடாதீர்கள்.

அந்தத் துண்டுப்பிரசுரக் கட்டும், நான் கொடுத்த கணக்குப் படிவத்தின் போட்டோப்பிரதியும் வீட்டில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கும் அவர் வந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், எடுத்து வந்து காட்டுகிறேன்.