பின்பால் கண்ட்ரோலர் என்று ஒரு மரப்பெட்டி விற்கிறார்கள், காசு போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கணினியில் பின்பால் (சாய்வான மேசையில் உருளும் பந்தைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் ஆட்டம்) ஆடுபவர்களுக்கென்றே செய்தது என்று சொல்லி ஒரு மரப்பெட்டி சமூக ஊடகங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் பந்தை அடிக்கும் பெரிய ஃப்ளிப்பர் பொத்தான், முன்னால் பந்தைக் கிளப்பி விட இழுக்கும் ஸ்பிரிங் போட்ட பிளஞ்சர், மேலே ஸ்டார்ட், காயின் பொத்தான்கள். விலை 14,500 ரூபாய், கூரியர் தனி. விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: அனலாக் பிளஞ்சர் (எவ்வளவு இழுத்தோம் என்பதை அளப்பது), நிஜ நட்ஜ் சென்சார் (மேசையைத் தட்டுவதை உணர்வது), தாமதமே கிடையாது. முதல் இரண்டும் சுத்தப் பொய். மூன்றாவது எப்படிப்பட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

விற்றவர் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இந்தப் பெட்டியை நாளைக்கு யார் வேண்டுமானாலும் வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம். அதனால் ஆள் யார் என்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்தால்தான் உங்களுக்குப் பிரயோஜனம்.

முதலில், இப்படி ஒரு பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஸ்பேஸ் கேடட் என்ற பின்பால் ஆடியவர்களுக்கு இசட் விசையும் சாய்கோட்டு விசையும் ஸ்பேஸ்பாரும் போதுமாக இருந்தன. விஷுவல் பின்பால் பக்கம் வந்தால் கதை மாறும். ராண்டி டேவிஸ் எழுதி 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. பழைய மேசைகளை அச்சு அசலாகக் கணினிக்குள் கொண்டுவர உலகம் முழுக்கப் பலர் அதில் உழைக்கிறார்கள். அதில் ஃப்ளிப்பர்களுக்கு இடது ஷிப்ட், வலது ஷிப்ட். இங்கேதான் விண்டோஸ் மூக்கை நுழைக்கும். விசைகளை அழுத்தச் சிரமப்படுபவர்களுக்காக அதில் சில வசதிகள் உண்டு. ஷிப்டை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்கும். வலது ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வேண்டுமா என்று கேட்கும். பந்தை வலது ஃப்ளிப்பரில் ஏந்தி நிறுத்தி அடுத்த அடியை யோசிக்கும் நேரத்தில் வந்து நலம் விசாரிக்கும். செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டி பகுதியில் இரண்டையும் அணைத்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை.

விசைப்பலகையில் நிஜமாகவே இல்லாதவை இரண்டு, பிளஞ்சரும் நட்ஜும்தான். நிஜ மேசையில் பந்தை எவ்வளவு வேகத்தில் அனுப்புவது என்பதே ஒரு ஆட்டம். 1993-இல் வந்த பேலி நிறுவனத்தின் மேசையான ட்வைலைட் ஸோனை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஞ்சரை விட்டதும் பந்து ஏறும் பாதையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூன்று நிலைகள். மஞ்சளைத் தொட்டால் நல்ல பரிசு, விசை கொஞ்சம் கூடினால் பந்து தாண்டிப் போய்விடும். கையில் அளவு வேண்டும். நட்ஜும் அப்படித்தான். நடுவில் விழப்போகும் பந்தை மேசையை லேசாகத் தட்டித் திருப்புவது. அளவு மீறினால் உள்ளே தொங்கும் குண்டு ஆடி வளையத்தைத் தொடும், 'டில்ட்' ஆகிவிடும், அந்தப் பந்து போச்சு. எவ்வளவு தட்டலாம் என்பது உள்ளங்கைக்குத்தான் தெரியும். கேம்பேடில் ஸ்டிக்கைத் தள்ளி நட்ஜ் செய்யலாம், ஆனால் அந்தச் சுகம் வராது. அதற்காகத்தான் மனிதர்கள் இந்தப் பெட்டிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

பெட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ப்ளைவுட் வேலை சுத்தம், பாலிஷ் நன்றாக இருந்தது. செருகினேன், விண்டோஸ் உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஆட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. பிளஞ்சரை விரல் நுனியளவு இழுத்து விட்டாலும் கடைசிவரை இழுத்து விட்டாலும் பந்துக்கு ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு தூரம் இழுத்தேன் என்பதை அது கணக்கிலேயே எடுக்கவில்லை, எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்பதை மட்டும் எடுத்தது. விசைப்பலகையில் என்டரை அழுத்திப் பிடித்து விடுவதும் இதேதான். அதற்குப் பித்தளைக் கம்பியும் ஸ்பிரிங்கும் எதற்கு?

நட்ஜ் இதைவிட மோசம். மெதுவாகத் தட்டினால் எதுவும் நடக்காது. கொஞ்சம் அழுத்தித் தட்டினால் மேசை முழு பலத்தோடு இடது பக்கம் குலுங்கும். வலப்பக்கம் தட்டினாலும் இடது, முன்னாலிருந்து தள்ளினாலும் இடது. உச்சக்கட்டக் கொடுமை, பரபரப்பில் ஃப்ளிப்பர் பொத்தானை ஓங்கி அடித்தாலே அதுவும் நட்ஜ் ஆகி டில்ட் விழும். ஃப்ளிப்பரை அடித்ததற்கு ஆட்டம் இழந்த ஒரே பின்பால் மேசை என் வீட்டில்தான் இருந்திருக்கும்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கண்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சின்னப் பழைய காலத்துச் சாளரம் திறக்கும். அதில் ப்ராப்பர்ட்டீஸ் போனால், செருகியிருக்கும் கருவியின் ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு ஆக்ஸிஸும் (அசைவின் அளவைக் காட்டும் அச்சு) அசைவதைப் பார்க்கலாம். நிஜ அனலாக் பிளஞ்சர் என்றால் இழுக்க இழுக்க ஒரு பட்டை சீராக ஏறும், விட்டால் இறங்கும். அசைவை அளக்கும் நிஜ ஆக்ஸிலரோமீட்டர் என்றால் பெட்டியை லேசாகத் தொட்டாலே நடுவிலுள்ள கூட்டல் குறி நடுங்கும், தட்டிய திசைக்கேற்ப நகரும். என் பெட்டியில் பிளஞ்சரை இழுத்தால் ஒரு பொத்தான் விளக்கு எரிந்தது. பட்டைகள் இருந்தன, ஒன்றும் அசையவில்லை. பெட்டியைக் குத்தினால் கூட்டல் குறி இடது ஓரத்துக்குத் தாவிவிட்டு நடுவுக்குத் திரும்பியது. இடையில் எந்த நிலையும் கிடையாது.

டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் எண்களைப் பார்த்தேன்: 0079, 0006. டிராகன்ரைஸ் சில்லு போட்ட சாதாரண ஆர்கேட் போர்டின் அடையாளம் அது. சந்தையில் அந்த போர்டின் பெயரே 'ஜீரோ டிலே'. விளம்பரத்தின் மூன்றாவது வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். போர்டு, வயர்கள் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். சண்டை விளையாட்டுக்குச் சொந்தமாக ஸ்டிக் செய்பவர்கள் பயன்படுத்துவது, அதற்குப் பரவாயில்லை. திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் மீதியும் தெரிந்தது. பிளஞ்சர் கம்பியின் முனை ஒரு லிமிட் சுவிட்சில் (ஆன், ஆஃப் மட்டும் தெரிந்த சுவிட்ச்) முட்டி நின்றது. 'நிஜ நட்ஜ் சென்சார்' என்பது சைக்கிள் அலாரத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி ஸ்பிரிங் அதிர்வு சுவிட்ச், சூடான பசை வைத்து மரத்தில் ஒட்டியிருந்தது.

தாமத விஷயத்தில் நியாயமாகவே சொல்கிறேன். போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் பொத்தானும் திரையும் சேர்ந்து தெரியும்படி எடுத்து, விரல் அழுத்தியதிலிருந்து ஃப்ளிப்பர் அசையும்வரை ஃப்ரேம்களை எண்ணினேன். ஒரு ஃப்ரேமுக்கு நான்கு மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதே கணினியில் விசைப்பலகையையும் அப்படி எடுத்து ஒப்பிட்டேன். பெட்டி கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். ஆட முடியாத அளவு இல்லை. ஆனாலும் பின்பாலில் இதைச் சும்மா விட முடியாது. விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வரும் பந்து 60 ஹெர்ட்ஸ் திரையின் ஒரு ஃப்ரேமுக்குள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே 27 மில்லிமீட்டர். ஒரு ஃப்ரேம் தாமதித்தால், ஃப்ளிப்பரின் நுனியில் அடிக்க நினைத்த பந்து நழுவிக் கீழே போயிருக்கும்.

விற்றவரோடு நடந்த பேச்சு தனிக் கதை. பணம் வாங்கும்வரை நான் 'ப்ரோ'.

"ப்ரோ, பிளஞ்சரை எவ்ளோ இழுத்தாலும் ஒரே மாதிரிதான் போகுது."

"கேலிபிரேட் பண்ணுங்க ப்ரோ, சரியாயிடும்."

"கேலிபிரேட் பண்ற ஸ்கிரீன்லயே எதுவும் அசையல ப்ரோ."

"அப்போ உங்க விண்டோஸ்ல டிரைவர் பிரச்சினை."

வேறு கணினியிலும் போட்டுப் பார்த்து வீடியோ அனுப்பினேன். வணிக பின்பால் விளையாட்டு ஒன்று இந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதையும் சொன்னேன். (அதில் அதிசயமில்லை. பல விளையாட்டுகள் எக்ஸ்பாக்ஸ் பேடின் எக்ஸ்இன்புட் முறையைத்தான் எதிர்பார்க்கும், இந்த போர்டு அது இல்லை. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை மென்பொருளில் உள்ள கண்ட்ரோலர் அமைப்பு வழியாகச் சமாளிக்கலாம், ஆனால் 'எல்லா கேமிலும் வேலை செய்யும்' என்று எழுதி விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.) உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பியதும் நான் 'சார்' ஆகிவிட்டேன். "சார், நீங்க ஸ்க்ரூ கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு சார். கஸ்டம் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது சார்." அதோடு சரி, ப்ளாக்.

'கஸ்டம் ஐட்டம்' என்ற சாக்கு சட்டத்தில் நிற்காது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். புகார் எண் வந்தது, அவரிடமிருந்து பதில் வரவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, உரையாடல், பெட்டியைப் பிரித்த வீடியோ எல்லாம் தயாராக இருக்கின்றன. ப்ளாக் செய்வதற்கு முன்பே விளம்பரத்தைச் சேமித்து வைத்ததால் தப்பித்தேன், இப்போது அந்தப் பதிவே இல்லை. நேரடியாக யுபிஐயில் அனுப்பிய பணத்தைப் பின்னாலிருந்து இழுப்பது கடினம். புதிய ஆளிடம் வாங்கினால் பொருள் கைக்கு வந்த பிறகு பணம் தரும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், நேர்மையாகச் செய்திருந்தாலும் அவருக்கு லாபம் குறைந்திருக்காது. கேஎல்25இசட் என்ற சிறு போர்டில் ஆக்ஸிலரோமீட்டர் கூடவே பொருத்தப்பட்டிருக்கிறது. அதை பின்பால் கண்ட்ரோலராக மாற்ற மைக்கேல் ராபர்ட்ஸ் எழுதிய பின்ஸ்கேப் மென்பொருள் இலவசம். அதன் புதிய வடிவம் ராஸ்பெர்ரி பை பீகோ என்ற இன்னொரு சிறு போர்டில் ஓடும், அந்த போர்டு நம் ஊரில் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு, ஆக்ஸிலரோமீட்டரைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிளஞ்சருக்கு சவுண்ட் மிக்ஸரில் ஏற்றி இறக்குவார்களே, அந்த ஸ்லைடு பொட்டன்ஷியோமீட்டர் போதும். சால்டரிங் தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம், மரவேலைக்குத்தான் ஆசாரி தேவைப்படும்.

அவ்வளவு வேண்டாம் என்பவர்கள் முதலில் கையில் இருக்கும் வயர் கேம்பேடில் ஆடிப் பாருங்கள். ஃப்ளிப்பரை ட்ரிகரில் வைக்காமல் மேலே உள்ள பம்பர் பொத்தான்களில் வையுங்கள். ட்ரிகர் பாதி தூரம் போன பிறகுதான் பல விளையாட்டுகளில் பதிவாகும், பம்பர் தொட்டவுடன் வேலை செய்யும். அதில் ஆடி ஆடி நட்ஜும் பிளஞ்சரும் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் பெட்டிக்குப் போகலாம்.

பெட்டி வாங்குவதென்றால் விற்பவரிடம் ஒரே ஒரு வீடியோ கேளுங்கள். அந்தக் கேம் கண்ட்ரோலர் சாளரம் திரையில் திறந்திருக்க வேண்டும், கையும் திரையும் ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டும். பிளஞ்சரைக் கால்வாசி, பாதி, முழுசு என்று மெதுவாக இழுத்துக் காட்டட்டும். பிறகு பெட்டியை இடம், வலம், முன்புறம் என்று தட்டட்டும். முப்பது விநாடி வேலை. "கேம் ஆடுற வீடியோ அனுப்புறேன் ப்ரோ" என்று சொன்னால் ஏற்காதீர்கள், எனக்கும் அப்படித்தான் வந்தது. அதில் ஒவ்வொரு பந்தும் முழு வேகத்தில்தான் கிளம்பியது, சட்டகத்தில் கை தெரியவே இல்லை.

ஒரு நண்பர் தன் கணக்கிலிருந்து பார்த்துச் சொன்னார், அந்த ஆள் இப்போது பிளஞ்சர் குமிழைச் சிவப்பாக மாற்றி, விலையை 16,000 ஆக்கி மறுபடி விற்கிறாராம். அந்த ஆளிடம் முப்பது விநாடி வீடியோவைக் கேட்கும்படி நண்பரிடம் சொன்னேன். நண்பர் கேட்டார், அந்த ஆள் அவரையும் ப்ளாக் செய்துவிட்டார்.