நாலு கனெக்டர், ஒன்றரை வருடம்: எங்கள் வீட்டு சோலார்

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து அத்தான் போன் செய்தார். "மாப்பிள்ளே, 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 மானியம் தாறாங்க, ஜிஎஸ்டியும் 12-லிருந்து 5 ஆயாச்சு, நானும் போடலாம்னு இருக்கேன், உன் வீட்டுல போட்ட ஆளையே இங்க அனுப்பி விடு" என்றார். எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரிடம் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், கடற்கரையோரம் வீடு வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

எங்கள் வீடு குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனி, ஆடியில் ஜன்னல் கண்ணாடியைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். 2021-ல் போட்டோம், 335 வாட் பேனல் ஒன்பது, மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் நாலு. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12, 13 யூனிட் வருகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லைப் பார்த்து யாரும் பேச்சு வாங்குவதில்லை. உற்பத்தியில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

தொல்லை 2024 ஜூனில் ஆரம்பித்தது. காலையில் இன்வெர்ட்டரில் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) சிவப்பு விளக்கு, 'ஐசோலேஷன் ஃபால்ட்', அதாவது கரண்ட் எங்கோ பூமிக்குக் கசிகிறது என்று ஒரு வரி. ஒன்பதரை, பத்து மணிக்கு வெயில் நன்றாக ஏறியதும் தானாகவே பச்சைக்கு மாறி ஓட ஆரம்பிக்கும். மழை நாளில் முழுநாளும் ஓடாது. மழைக்காலம் முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆனால் ஜனவரிப் பனிக்கும் அதே கதைதான். அப்போதெல்லாம் இன்வெர்ட்டர் மேல்தான் எனக்குக் கோபம், மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மானியத் திட்டத்தில் போட்டதால் ஐந்து வருடப் பராமரிப்பு போட்டவர்கள் பொறுப்பு. மூன்று தடவை கூப்பிட்ட பிறகு ஒரு பையன் வந்தான். மாடிக்கு ஏறவே இல்லை. இன்வெர்ட்டர் முன்னால் நின்று ஏதோ பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் ஒரு எண்ணை மாற்றினான், சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, "இனி வராது அண்ணே" என்று போய்விட்டான். இரண்டு மாதம் வரவும் இல்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அவன் செய்தது என்னவென்று பின்னால்தான் புரிந்தது. எங்களுடையது மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர், காலையில் லைனில் சேருவதற்கு முன்னால் பேனல் வயருக்கும் பூமிக்கும் நடுவில் இன்சுலேஷன், அதாவது கசிவைத் தடுக்கும் தன்மை, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் சேரக் கூடாது. ஐஇசி என்ற சர்வதேச மின் தர அமைப்பின் 62109 என்ற பாதுகாப்புத் தரத்தின் இரண்டாம் பகுதி அதைக் கேட்கிறது. அந்தப் பையன் 'குறைவு' என்பதற்கான எல்லையையே கீழே இறக்கி வைத்துவிட்டான். கசிவு அப்படியே இருந்தது, காட்டிக்கொடுக்கிற வாயை மட்டும் கட்டிவிட்டுப் போனான். மாடியில் துணி காயப்போடப் போகிறவள் என் மனைவி, விளையாடப் போவது பிள்ளைகள். ஒன்பது பேனல் வரிசையாகச் சேர்ந்தால் 400 வோல்ட்டைத் தாண்டும், அதுவும் டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 100 தடவை சைபரைத் தொட்டு வருவதால் தீப்பொறி பிடித்தாலும் அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த இடைவெளியே இல்லை, பிடித்தால் பிடித்ததுதான்.

போன அக்டோபர் மழையில் எல்லையை இறக்கி வைத்தும் மறுபடி சிவப்பு வந்தது. இந்தத் தடவை கம்பெனியைக் கூப்பிடாமல் தக்கலையிலிருந்து லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தேன், வயதானவர், பேச்சு குறைவு. காலை ஆறரைக்கே வரச் சொன்னார், ஈரம் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டுமாம். டிசி பெட்டியில் சுவிட்சை அணைத்து, இன்சுலேஷன் அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தார். இந்த அளவு சிஸ்டத்தில் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எங்களுடையது 0.08. மத்தியானம் காய்ந்த பிறகு பார்த்தால் 4. "தண்ணி எங்கேயோ குடிக்குது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார்.

பேனலுக்குக் கீழே குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். பேனலோடு பேனல் சேருகிற இடமெல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வந்த எம்சி4 என்ற வயர் கனெக்டர், அதில் ஒரு கோளாறும் இல்லை. இங்கே வந்து கையால் போட்டது நாலே நாலு இடம், இரண்டு வரிசையையும் இணைக்கிற வயரின் இரு முனை, கீழே இறங்குகிற பிளஸ், மைனஸ் இரண்டு. நாலிலும் ஒரு பக்கம் பேனலோடு வந்த கனெக்டர், எதிர்ப் பக்கம் வேறு ஏதோ கம்பெனி கனெக்டர். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், 'டக்' என்று மாட்டவும் செய்யும். ஆனால் உள்ளே பின் அளவும் ரப்பர் வளையமும் நூலிழை வித்தியாசம், அது போதும் உப்புத் தண்ணீர் புகுவதற்கு. சோலார் வயரிங்குக்கான ஐஇசி 62548, ஒன்றோடொன்று மாட்டும் கனெக்டர்கள் ஒரே கம்பெனியின் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இதில் இரண்டு, கட்டியிருந்த வெள்ளை டை வெயிலில் பொடிந்து அறுந்து, தளத்தில் தேங்கிய தண்ணீரிலேயே கிடந்தன. ஒன்று உள்ளே பச்சை பிடித்து, பிளாஸ்டிக் பழுப்பாக வெந்திருந்தது.

இதுதான் என்னால் பொறுக்க முடியாதது. போட்ட அன்று என் கையில் ஒரு தடித்த ஃபைல் கொடுத்தார்கள். பேனலுக்கு ஐஇசி 61215, 61730, கடற்கரை என்று நான் கேட்டதால் உப்புக்காற்றுச் சோதனை 61701, இன்வெர்ட்டருக்கு 62109, லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும் என்பதற்கு 62116. எல்லாம் உண்மையான சான்றிதழ்கள், எண்ணைப் பொருளோடு ஒத்துப் பார்த்திருக்கிறேன். பேனல் உப்பில் ஐந்து வருடம் நின்று அதை நிரூபித்தும் விட்டது. ஆனால் ஒரு பொருளையும் இன்னொரு பொருளையும் மாடியில் வைத்து ஒருவன் சேர்க்கிறான் பாருங்கள், அந்தச் சேர்ப்புக்கு அந்த ஃபைலில் ஒரு தாள்கூட இல்லை. போட்டு முடித்த அன்று மெகர் வைத்து அளந்து எழுதிய ஒரு கணக்கு கேட்டேன், அப்படி ஒன்று எடுக்கவே இல்லை என்றார்கள். எர்த்தும் அதே லட்சணம்தான், அலுமினியச் சட்டத்தில் செம்பு வயரை நேராக முறுக்கி வைத்திருந்தார்கள், தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அதையும் சேர்த்து மாற்றினோம்.

நாலு இடத்திலும் இரு பக்கமும் வெட்டி, ஒரே கம்பெனி ஜோடியாகப் போட்டு, அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தி, தளத்தில் படாமல் ஸ்ட்ரக்சரோடு கட்டினார். கனெக்டருக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அளந்தால் 40 மெகா ஓமுக்கு மேல். இன்வெர்ட்டரில் அந்த எல்லையையும் பழைய இடத்துக்கே ஏற்றி வைக்கச் சொன்னேன். அன்றிலிருந்து வெளிச்சம் வந்ததுமே பச்சை விளக்கு, கார்த்திகை மழையிலும்.

அந்த இன்வெர்ட்டரை ஒன்றரை வருடம் திட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கடமையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். புயல் நேரத்தில் கரண்ட் போனதும் இரண்டு நொடிக்குள் நின்றுவிடுகிறதே, வெயில் இருந்தும் வீடு இருட்டாகக் கிடக்கிறதே என்று பக்கத்து வீட்டு மைனி கேட்பார். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிர் அதில் இருக்கிறது மைனி என்று இப்போது நான் விளக்கம் சொல்கிறேன்.

சரி, அத்தானுக்கு என்ன பதில்? பேனல் நல்லது, இன்வெர்ட்டர் நல்லது, மானியமும் வரும். இருந்தாலும் இப்போதைக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். போட்டு முடித்த அன்றே ஈரத்தில் மெகர் வைத்து அளந்து கையெழுத்துப் போட்டுத் தருகிற ஆள் கிடைக்கட்டும், அது வரைக்கும் மாடி சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. என் வீட்டில் போட்டவர் எண்ணைக் கொடுக்க மாட்டேன். வெட்டி எடுத்த அந்தப் பழுப்புக் கனெக்டரை மேசை டிராயரில் எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் கொடுக்க வேண்டும்.