மூலிகைத் தைலம் என்று சொல்லி 6,840 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். சிரங்குக்கு மருந்து தேடுகிறவர்கள் படித்துவிட்டு முடிவெடுங்கள்

இன்று காலை அந்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடேதான் எழுதுகிறேன். 6,840 ரூபாய் போனது ஒரு பக்கம். என் மகளின் இடுப்பிலும் தொடையிலும் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்பு தெரிகிறது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். சமூக வலைதளத்தில் வீடியோ போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகிற மூலிகைக் கடை. இந்த மாதிரி எத்தனையோ இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும்.

ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த மகளுக்கு விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம். பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் சொறிந்து சொறிந்து அழுவாள். வீடியோவில் வேம்பு, மஞ்சள், குப்பைமேனி, புங்கன் என்று ஒவ்வொரு இலையாகக் காட்டி அரைத்தார்கள். எல்லாம் நம் வீட்டில் காலங்காலமாகத் தெரிந்த மூலிகைதானே. அப்படியும் பணம் அனுப்பும் முன் நேராகவே கேட்டேன், "இதில் ஸ்டீராய்டு ஏதாவது கலந்திருக்கா?" உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. அமைதியான, வயதான குரல். "சிஸ்டர், எங்க தாத்தா ஓலைச்சுவடியில எழுதி வச்ச முறை இது. கெமிக்கல் ஒரு சொட்டு கிடையாது. கைக்குழந்தை நாக்குல கூட வைக்கலாம், சத்தியமா சொல்றேன்." கூடவே ஓலைச்சுவடி போட்டோ ஒன்று. பெற்ற பிள்ளைக்கு மருந்து கேட்கிறவளிடம் சத்தியம் செய்து பொய் சொல்வார்கள் என்று யார் நினைப்பார்கள்? 2,340 ரூபாய் ஜிபே செய்தேன்.

தடவினதும் அரிப்பு அடங்கியது. மகள் நிம்மதியாகத் தூங்கினாள். அவர்களே போன் செய்து விசாரித்தார்கள். "வேரோட போகணும்னா ரெண்டாம் கட்ட மருந்து எடுக்கணும் சிஸ்டர், பாதியில விட்டா திரும்ப வரும்." அதற்கு 4,500. ஆக மொத்தம் 6,840.

தைலம் தீர்ந்ததும் ஆரம்பித்தது பாருங்கள். தொப்புளைச் சுற்றி, அக்குளில், இடுப்பில், எங்கும் பரவிவிட்டது. மாமியாருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"கெட்ட நீர் வெளியேறுது சிஸ்டர், நல்ல அறிகுறிதான்."

அடுத்து, "பத்தியம் இருந்தீங்களா? கத்தரிக்காய், கருவாடு ஏதாவது சேத்தீங்களா?" ரசமும் மோரும்தான் கொடுத்தோம் என்றேன். "அப்ப உங்க ஊர் தண்ணி சேரல." வைத்தியரிடம் பேச வேண்டும் என்றால், அவர் மூலிகை பறிக்க மலைக்குப் போயிருக்கிறாராம். எப்போது கூப்பிட்டாலும் மலையில்தான் இருந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது. "சீல் உடைச்ச பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை மேடம்." சீல் உடைக்காமல் எப்படித் தடவுவது?

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனோம். டாக்டரம்மா மகளின் விரல் இடுக்கில் சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி ஓடிய ஒரு கோட்டைக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லேசாகச் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையான உடம்பு, குட்டையான கால்கள், பக்கத்திலேயே முட்டை. சிரங்கை வரவைக்கிற, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உண்ணி வகைப் பூச்சி அது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே போய், ஒரு நாளைக்கு 2, 3 முட்டை இடும். 3, 4 நாளில் பொரியும். முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். மகளுக்கு ஹாஸ்டலில் ஒட்டியிருக்கலாம், எங்களுக்குப் பிறகு தெரிந்ததற்கும் இதுதான் காரணம் என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. சாதாரணமாக ஒரு உடம்பில் 10, 15 பூச்சிதான் இருக்கும். அவ்வளவு அரிப்பும் உடம்பு அதை எதிர்ப்பதால் வருவது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அமுக்கிவிடும். அரிப்பு நிற்கும், பூச்சி பாட்டுக்குப் பெருகும். தோல் மெலிந்திருப்பதைப் பார்த்தால் தைலத்தில் வீரியமான ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்றார். பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். சித்த மருந்து என்று விற்றால் லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, என்னென்ன சரக்கு சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். இதில் ஒரு சித்தர் படமும் "100% இயற்கை" என்ற எழுத்தும்தான்.

மூலிகையை நான் குறை சொல்லவே இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து 814 சிரங்கு நோயாளிகளுக்குப் பூசியதில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானதாக 1992-இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு வைக்காத ஆரம்பகட்ட ஆய்வுதான், ஆனாலும் மறைக்காமல் என்ன பூசினோம் என்று சொன்னார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த பெர்மெத்ரின் கிரீமும் சாமந்தி இனத்துப் பூவில் இருக்கும் பூச்சிக்கொல்லிச் சத்தை மாதிரியாக வைத்துச் செய்ததுதான். நேர்மையாகச் சித்த வைத்தியம் பார்க்கிறவர்கள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறது இந்தக் கும்பல். 6,840 ரூபாய்க்கு எங்களுக்கு விற்றது மூலிகையே இல்லை. மருத்துவமனையில் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துக் கிரீம் இலவசமாகக் கொடுத்தார்கள்.

நிதானமாக எழுத இப்போது மனசு இல்லை, சட்டென்று தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். லேபிளில் சரக்குப் பட்டியல் இல்லாத எதையும் தோலில் தடவாதீர்கள். வேப்பெண்ணெயைக் குழந்தை வாயில் விடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து விற்கிறவனை நம்பாதீர்கள், வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி போட வேண்டும். பெர்மெத்ரின் என்றால் கழுத்திலிருந்து கால்விரல் வரை, 8 முதல் 14 மணி நேரம், ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணி, படுக்கை விரிப்பைக் கொதிக்கும் வெந்நீரில் துவையுங்கள், துவைக்க முடியாததை மூன்று நாளுக்குக் குறையாமல் பையில் கட்டி வையுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். ஆன்லைன் விற்பனை விதிப்படி விற்றவர்கள் நம் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்த்தாக வேண்டும். நான் பதிவு செய்துவிட்டேன், 6,840 ரூபாயை விடப்போவதில்லை. காலி பாட்டில், வாய்ஸ் மெசேஜ், ஜிபே ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று. சரியான மருந்து போட்ட பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த வீடியோ கண்ணில் படும். வாங்காதீர்கள், அதே டாக்டரிடமே திரும்பப் போய்க் காட்டுங்கள்.