நுண்கணிதத்துக்கு முன் ஒரு மாதம்: தருமபுரி முன்வகுப்பு ஒன்றைப் பற்றி

தருமபுரி நான்கு ரோடு அருகே மாடியொன்றில் இயங்கும் பயிற்சி மையம், பத்தாம் வகுப்பு எழுதிவிட்டுப் பதினொன்றில் கணிதம் எடுக்கவிருக்கும் பிள்ளைகளுக்காகக் கோடை விடுமுறையில் ஒரு மாத முன்வகுப்பு நடத்துகிறது. இவ்வாண்டு என் மகள் அதில் படித்தாள். விளம்பரத்தில் 'நுண்கணித (கால்குலஸ்) அடிப்படை' என்று அச்சிட்டிருந்தாலும், மாறும் வேகத்தைக் கணக்கிட உதவும் வகையிடல் சூத்திரம் ஒன்றுகூட அங்கே சொல்லித்தரப்படவில்லை. வரைபடம், நேர்க்கோடு, சார்பு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் கட்டிய பெற்றோர் சிலருக்கு இது குறையாகப் பட்டது. எனக்கோ வகுப்பின் மதிப்பே அந்தக் கட்டுப்பாட்டில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கணக்குக்கு 8 மதிப்பெண். அட்டவணை போட்டு, புள்ளிகளைக் குறித்து, அளவுத்திட்டம் எழுதி, வளைகோட்டை இழுத்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்பதால், வரைந்த கோடு என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளிடம் வளர்வதில்லை. இங்கே பணியாற்றும் ஆசிரியர் முதல் வாரம் முழுவதும் அட்டவணையே போடவிடவில்லை. எக்ஸ் வர்க்கத்தின் பரவளையத்தை ஒருமுறை வரையச் சொல்லி, அதை மேலே இரண்டு அலகு நகர்த்தினால் சமன்பாடு எப்படி மாறும், வலப்புறம் மூன்று அலகு நகர்த்தினால் ஏன் எக்ஸிலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். வரைபடம் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா செயலியைக் கைபேசியில் திறக்க, கையால் வரைந்து முடித்த பிறகே அனுமதி.

நேர்க்கோட்டுப் பாடம் சாய்வில் தொடங்குகிறது. இரு புள்ளிகளுக்கிடையே உயர வேறுபாட்டைக் கிடை வேறுபாட்டால் வகுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே கணக்கைப் பரவளையத்தின் மேல் போடச் சொல்லும்போதுதான் பாடம் சூடுபிடிக்கிறது. எக்ஸ் 1, 2 ஆகிய இடங்களை இணைக்கும் வெட்டுக்கோட்டின் சாய்வு 3. இரண்டாவது புள்ளியை 1.1-க்கு நகர்த்தினால் 2.1, 1.01-க்கு நகர்த்தினால் 2.01. எண்கள் 2-ஐ நோக்கிப் போகின்றன, அதுவே அந்த இடத்தில் தொடுகோட்டின் சாய்வு என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு, மட்டு எக்ஸின் (குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் எடுப்பது) வரைபடத்தில் பூச்சியத்துக்கு இடப்புறம் சாய்வு −1, வலப்புறம் +1 என்று கண்டபின், அந்த முனையில் தொடுகோடு வரைய முடியாதது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சார்புக்கு ஆசிரியர் எடுத்த எடுத்துக்காட்டு நம் பகுதிக்கே உரியது. தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரி நீர்வரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், ஒரு நேரத்துக்கு ஒரே நீர்வரத்துதான் இருக்க முடியும். ஆகவே அது சார்பு. ஆனால், வெள்ளம் ஏறும்போது கண்ட அதே அளவு, வடியும்போதும் வருவதால், அளவைச் சொல்லி நேரத்தைக் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. நேர்மாறு சார்பு ஏன் இல்லை என்பதும் கிடைமட்டக் கோட்டுச் சோதனையும் (ஒரு கிடைக்கோடு வரைபடத்தை இருமுறை வெட்டினால் நேர்மாறு இல்லை) அங்கேயே முடிந்துவிட்டன. காலை ஆறு மணிக்கு விநாடிக்கு 20,000 கனஅடி, பத்து மணிக்கு 32,000 கனஅடி என்று வைத்துக்கொண்டு, மணிக்குச் சராசரியாக 3,000 கனஅடி ஏறியது என்று கணக்கிட்டபோது, ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை விதிப்பவர்கள் வரத்தின் அளவை மட்டுமன்றி அது ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டாமா என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டானாம். (ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் வந்தால் ஏறத்தாழ ஒரு டிஎம்சி (நூறு கோடி கனஅடி) சேரும், வரைபடத்தின் கீழுள்ள பரப்பு அது என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்குச் சிறு ஏமாற்றம்.)

குறைகளும் உண்டு. முக்கோணவியல் சார்புகளின் வரைபடங்களைக் கடைசி இரண்டு வகுப்புகளில் அவசரமாக முடித்தார்கள். சைன் வளைவை வரைந்த என் மகளுக்குக் கோணத்தை அளக்கும் அலகான ரேடியன் இன்னும் பிடிபடவில்லை. மடக்கை, அடுக்குக்குறிச் சார்புகளைத் தொடவே இல்லை; எல்லைகள் பாடத்தில் இவை இரண்டும் கட்டாயம் வரும். தமிழ்வழிப் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தும், அச்சிட்டுத் தரும் பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. கட்டணமும் ஊரில் வழக்கமாக வாங்குவதைவிடக் கூடுதல். வகுப்பு முடிய மாலை ஏழரை ஆகிவிடுவதால், பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து வருவோர் பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கிறது.

சூத்திரங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்து ஜேஇஇ வினாக்களுக்குப் போக விரும்புவோருக்கு இந்த வகுப்பு பயன்படாது. வரைபடத்தை ஓரளவு படிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால், பதினொன்றாம் வகுப்புக் கணித நூலின் முதல் தொகுதியில் முதல் அத்தியாயத்தையும் ஒரு வரைபட நோட்டையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம்.