ஆளுக்கு எத்தன கிலோ ஆரஞ்சு? ஃபாவோஸ்டாட் யூஸ் பண்ணி பாத்ததுல தெரிஞ்சது

ஆபீஸ்ல ஒரு சின்ன ரிப்போர்ட். ஒரு நாட்டுல ஆளுக்கு வருஷத்துக்கு எத்தன கிலோ ஆரஞ்சு, எலுமிச்சை வகையறா கிடைக்குது, அது ஏறுதா இறங்குதான்னு எழுதணும், அவ்ளோதான். தேடுனப்ப மொதல்ல சிக்குனது ஒரு கட்டண சைட், பேரு வேணாம். நாட்டு பேர அடிச்சா போதும், 1961லேந்து அழகா ஒரு கோடு வரைஞ்சு குடுக்குது. அந்த கோடு 2013க்கும் 2014க்கும் நடுவுல சடார்னு எகிறி நின்னுச்சு, நானும் யோசிக்காம மக்களுக்கு உடம்பு மேல அக்கறை வந்துருச்சு போலன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டேன். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரே வருஷத்துல ஊரு ஒலகமே ஆரஞ்சு பைத்தியம் ஆயிடுச்சாப்பா?" என்கிட்ட பதில் இல்ல.

அப்புறம்தான் அந்த படத்துக்கு அடில பொடி எழுத்துல இருந்தத படிச்சேன். ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பு, அதான் எஃப்ஏஓ, ஃபாவோஸ்டாட்ங்கற அவங்களோட புள்ளிவிவர சைட்ல சும்மா குடுக்குற டேட்டாவ எடுத்து கலர் அடிச்சு வித்துருக்கான். சரி மூலத்துக்கே போவோம்னு போனேன். அதோட ரிவ்யூதான் இது, 5க்கு 4 குடுப்பேன்.

அந்த எகிறலுக்கு காரணம் அங்க போன அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுருச்சு. ஃபுட் பேலன்ஸ் ஷீட்னு, அதாவது ஒரு நாட்டுல ஆளுக்கு எவ்ளோ உணவு கிடைக்குதுங்கற கணக்கு, அவங்ககிட்ட ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு. 1961லேந்து 2013 வரைக்கும் பழைய முறை, 2010லேந்து இப்ப வரைக்கும் புது முறை, கணக்கு போடுற விதமும் வேற, வகுக்குற மக்கள்தொகையும் வேற. ரெண்டையும் அவங்க தனித்தனியாத்தான் வச்சுருக்காங்க, ஒட்டுனது அந்த கட்டண சைட்டுக்காரன். 2010லேந்து 2013 வரைக்கும் நாலு வருஷம் ரெண்டு டேபிள்லயும் இருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, அதே நாடு அதே வருஷம் அதே பழம், நம்பர் மட்டும் வேற. அந்த இடைவெளிதான் என் ரிப்போர்ட்ல "உடம்பு மேல அக்கறை"யா மாறி போச்சு.

யூஸ் பண்றது கஷ்டம் இல்ல. லாகின் வேணாம், காசு வேணாம், நாடு, என்ன வேணும், எந்த பழம், எந்த வருஷம்னு நாலு பெட்டில டிக் அடிச்சா சிஎஸ்வியா, அதான் எக்செல்ல தெறக்கற ஃபைலா, இறக்கிக்கலாம். ஆனா சிட்ரஸ்னு, அதாவது ஆரஞ்சு எலுமிச்சை வகையறா மொத்தத்துக்கும் உள்ள பேர போட்டு, தேடி மொத்தமா ஒரு வரி கிடைக்கும்னு நெனைக்காதீங்க, இந்த ஷீட்ல அது நாலு கோட் நம்பரா பிரிஞ்சு கிடக்கு: 2611 ஆரஞ்சும் கமலாவும், 2612 எலுமிச்சை, 2613 கிரேப்ஃப்ரூட், 2614 மத்த சிட்ரஸ். நாமதான் கூட்டிக்கணும். நார்த்தங்காய் எங்கன்னு தேடுறவங்களுக்கு, அது அந்த கடைசி வரிசைல, கும்குவாட் பெர்கமாட் கூட ஒரே சாக்குல. பம்ப்ளிமாஸ் கிரேப்ஃப்ரூட் கூட சேந்துரும்.

அந்த கிலோ நம்பர் எங்கேந்து வருதுங்கறதுதான் எல்லாரும் தாண்டி போற விஷயம். யாரும் வீடு வீடா போய் எத்தன பழம் சாப்டீங்கன்னு கேக்கல. நாட்டுல வெளஞ்சது, அது கூட இறக்குமதி, அதுலேந்து ஏற்றுமதி கழி, கையிருப்பு ஏறுனது இறங்குனத சரி பண்ணு, வழில அழுகுனது, தீவனம், வேற உபயோகம்லாம் கழி, மிச்சத்த மக்கள்தொகையால வகுத்துடு. அதாவது கடை வாசல் வரைக்கும் வந்தது எவ்ளோங்கறதுதான் இது, வயித்துக்குள்ள போனது இல்ல. ஃப்ரிட்ஜ் மூலைல காஞ்சு கல்லாட்டம் ஆன எலுமிச்சம்பழமும் இதுல சப்ளைதான்.

தோலும் சேந்துதான் எடை. ஆளுக்கு 30 கிலோன்னு வச்சுக்குங்க, நாளுக்கு 82 கிராம் வருது, தோலு கொட்டைன்னு கால் பங்கு போக 60 கிராம் சொச்சம், ஒரு நடுத்தர ஆரஞ்சுல பாதி, 28 கலோரி. 30 கிலோன்னு சொன்னா மூட்டை கணக்கா தெரியுது, பிரிச்சு பாத்தா நாளைக்கு அஞ்சாறு சுளைதான்!

ஜூஸ் விஷயம் இதவிட குழப்பும். டப்பால வர ஜூஸையும் பழ எடைக்கு திருப்பி மாத்தித்தான் எழுதுவாங்க, அதனால ஒரு நாட்டுல ஆரஞ்சு மரமே இல்லாம கூட கோடு உசரத்துல இருக்கலாம். நெதர்லாந்து, பெல்ஜியம் மாதிரி இடங்கள பாக்கும்போது கூடுதல் ஜாக்கிரதை, பிரேசில்லேந்து டேங்கர் கப்பல்ல வர ஜூஸ் ராட்டர்டாம்லயும் கெண்ட்லயும் இறங்கி அங்கேந்து மத்த நாட்டுக்கு போகுது, வந்ததும் போனதும் கணக்குல கொஞ்சம் பிசகுனா அந்த நாட்டுக்காரன் எல்லாத்தையும் அவனே குடிச்ச மாதிரி ஆயிடும்.

அமெரிக்காவ எடுத்து பாத்தா இந்த ஷீட் எதுக்கு நல்லதுன்னு புரியும். ஃப்ளோரிடால 2003-04 சீசன்ல 24.2 கோடி பெட்டி ஆரஞ்சு, ஒரு பெட்டி 90 பவுண்டு, கிட்டத்தட்ட 41 கிலோ. 2005ல அங்க கிரீனிங் நோய் கண்டுபுடிச்சாங்க, சைலிட்னு ஒரு துக்குனூண்டு பூச்சி பரப்புற பாக்டீரியா, மரத்துக்கு வந்துட்டா மருந்து கிடையாது. அது கூட புயலும் சேந்து 2022-23ல 1.6 கோடி பெட்டிக்கு வந்துருச்சு. உற்பத்திய மட்டும் பாத்தா அங்க இனி ஆரஞ்சே இல்லன்னு தோணும், ஆனா இறக்குமதி வரிசையையும் பக்கத்துல வச்சா பிரேசிலும் மெக்ஸிகோவும் ஜூஸா அனுப்பி பள்ளத்த கொஞ்சம் நெரப்பிருக்கறது தெரியுது. ஜூஸ் குடிக்கறதே அங்க கொறஞ்சு போனதும் உண்மைதான், ரெண்டும் ஒரே கோட்டுல கலந்து நிக்குது, எது எவ்ளோன்னு கோடு தனியா சொல்லாது.

பிரேசில்லயும் அதே நோய்தான், 2004லயே வந்தாச்சு. 2024 கடைசில நியூயார்க் சந்தைல உறைஞ்ச ஜூஸ் பவுண்டு 5 டாலர தாண்டுச்சு, 2020 ஆரம்பத்துல 1 டாலர் பக்கம்தான் இருந்துச்சு. இதெல்லாம் இந்த ஷீட்ல உடனே தெரியாது, எப்பவும் ரெண்டு மூணு வருஷம் பின்னாடிதான் ஓடும், வெலையும் இதுல கிடையாது. இன்னைக்கு நெலவரம் வேணும்னா இது சரிப்படாது. ஒரு மார்க் கொறச்சது அதுக்குத்தான்.

வீட்டு கொல்லைல காய்க்கறதும் சரியா ஏறாது. எலுமிச்சைக்கு இது பெரிய ஓட்டை, ரெண்டு வீட்டுக்கு ஒரு மரம் நிக்கற நாட்டுல 2612 வரிசைய பாத்து இங்க யாரும் எலுமிச்சையே தொட மாட்டாங்க போலன்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஒரு நல்ல பழக்கம் சொல்றேன். பயிர் உற்பத்தி டேபிள தனியா தெறந்து ஒவ்வொரு நம்பர் பக்கத்துலயும் இருக்கற எழுத்த பாருங்க. ஏ (A) இருந்தா அந்த நாட்டு அரசே குடுத்தது, ஈ (E) இருந்தா மதிப்பீடு, ஐ (I) இருந்தா விட்டு போன எடத்த இவங்களா கணக்கு போட்டு நெரப்புனது. மறைக்காம போடுறாங்க பாருங்க, அதுக்கே அந்த 4. கட்டண சைட்ல அந்த எழுத்து வரிசையே இல்ல. இப்பல்லாம் கோடு வரையறதுக்கு முன்னாடி ஐ எத்தன இருக்குன்னுதான் மொதல்ல எண்றேன், போன வாரம் எடுத்த ஒரு நாட்டுக்கு மத்த சிட்ரஸ் வரிசைல மேலேந்து கீழ வரைக்கும் ஐதான், அந்த வரிய ரிப்போர்ட்ல சேக்காம விட்டுட்டேன்.