நடைபாதையில் லோகோ பதிக்க எது நிலைக்கும்: எப்பாக்ஸியா, கிரானைட்டா?

நுழைவு நடைபாதை ஒன்றில் 1.2 மீட்டர் குறுக்களவுள்ள ஒரே வட்ட லோகோவை இரண்டு முறை பதிக்க நேர்ந்தது. முதலில் எப்பாக்ஸியில் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) வார்த்தோம். அதைக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர்ஜெட்டில் (அதிவேக நீர்த்தாரையில்) அறுத்த கிரானைட்டைப் பதித்தோம். ஆகவே இந்த அலசல் கிரானைட் பக்கம்தான் சாயும்.

பெயின்ட் நடக்க நடக்கத் தேய்ந்துவிடும், அதை விட்டுவிடலாம். தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) தாள் அதைவிட எவ்வளவோ மேல். சுமார் 3 மி.மீ. கனத்தில் வரும், கேஸ் பர்னரால் சூடாக்கி ஒட்டுவார்கள், கண்ணாடி மணிகள் கலந்தது என்றால் பிடிமானமும் கிடைக்கும். தார்ப் பாதையாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். கான்கிரீட்டில் பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் ஒட்டினால் பெயர்ந்துவிடும்.

எப்பாக்ஸியை எடுத்ததற்குக் காரணம் நிறம். கேட்ட நீலம் அப்படியே வந்தது, மெல்லிய கோடும் பிசிறில்லாமல் விழுந்தது. முதல் நாள் பார்த்தபோது அதைவிட அழகாக எதுவும் செய்ய முடியாது என்று தோன்றியது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு வெள்ளைப் பகுதி மஞ்சளானது. வெயிலைத் தாங்கும் வகையான அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் மேல்பூச்சு கொடுத்திருந்தால் அது தள்ளிப்போயிருக்கும். ஆனால் அந்த வேலையைக் கெடுத்தது மஞ்சள் அல்ல, விளிம்பு.

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து நண்பகலுக்குள் தரையின் சூடு 40 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.2 மீட்டர் அகலத்துக்கு கிரானைட் ஏறக்குறைய 0.4 மி.மீ. விரியும், கான்கிரீட் 0.5, பித்தளை 0.9. மணல் கலக்காத எப்பாக்ஸியோ 2 மி.மீ.க்கும் மேல் விரியப் பார்க்கும். கீழே ஒட்டியிருப்பதால் அதற்கு விரிய இடமில்லை, அந்த விசை பெரும்பாலும் ஓரத்தில் போய்ச் சேரும். தினமும் இப்படிச் சூட்டிலும் குளிரிலும் அலைக்கழிந்து, ஒரு நாள் முடியளவு விரிசல் விடும். அதில் மழைநீர் இறங்கும். அடியில் ஈரம் தங்கினால் ஒட்டு விடும், பிறகு ஒரு செருப்பு நுனி பட்டாலே சில்லு தெறிக்கும். எங்களுடையது இரண்டாம் மழைக்காலத்தில் இப்படித்தான் போனது. குவார்ட்ஸ் மணல் நிறையக் கலந்தால் விரிவு குறையும் என்பது உண்மை. நாங்கள் கலந்தது போதவில்லை.

கிரானைட்டும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிந்து சுருங்குவதால் அந்தச் சண்டையே எழுவதில்லை. இருந்தாலும் விளிம்பை அலட்சியமாக விடவில்லை. எழுத்துகளின் கூர்முனை எதுவும் வெளித்தளத்தைத் தொடாதபடி, சுற்றிலும் 8 செ.மீ. அகலத்தில் கறுப்புக் கிரானைட் வளையம் வைத்தோம். வளையத்துக்கும் நடைபாதைக்கும் இடையே 8 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல் வளைந்துகொடுக்கும் அடைப்பு) இட்டோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது இந்த சீலன்ட் மட்டும்தான். கல்லுக்கு அடியில் கலவை முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். பதித்து இறுகியபின் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்த்தோம், அடியில் வெற்றிடம் இருப்பதைக் காட்டும் பொள்ளல் சத்தம் கேட்ட இரண்டை எடுத்து மறுபடி பதித்தோம்.

கிரானைட்டுக்காக விட்டுக்கொடுத்ததும் உண்டு. அந்த நீலம் கல்லில் கிடைக்கவில்லை, சாம்பலுக்கு மாறினோம். நிறத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது என்றால் உடல் முழுக்க ஒரே நிறமுள்ள போர்சலின் துண்டுகளைப் பார்க்கலாம். அதை நான் பதித்ததில்லை, ஒரே ஓர் இடத்தில் பார்த்ததில் நன்றாக இருந்தது. 5 மி.மீ.க்கும் குறைவான கோடுகள் கல்லில் ஒடிந்துபோகும், அவற்றைத் தடிப்பாக்கி வரைந்தோம். பாலிஷ் போட்ட கல் மழையில் ஆபத்து. நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கினால் மெல்லிய துண்டுகள் வெடிக்கும் என்பதால் மணலை வேகமாக வீசிச் சொரசொரப்பாக்கும் மணல் வீச்சுதான் சரிப்பட்டது.

மெல்லிய கோட்டுக்குப் பித்தளைப் பட்டை அழகு, ஆனால் கவனிக்காமல் விட்டால் கருக்கும். அகலமாக வைத்தால் ஈரத்தில் வழுக்கும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கருக்காது, வழுக்கலில் மாற்றமில்லை. கடலோரம் என்றால் உப்புக் காற்றை மேலும் தாங்கும் 316 தர எஸ்.எஸ். கேளுங்கள்.

அறுக்கக் கொடுக்கும்போதே மெல்லிய துண்டுகளில் இரண்டிரண்டு கூடுதலாக, அதே பலகையிலிருந்து அறுத்து வாங்கிவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே சாயல் கல் கிடைப்பது அரிது. எங்கள் உபரித் துண்டுகள் எண் எழுதி ஒரு பெட்டியில் இருக்கின்றன, அறுப்பு வரைபடத்தின் நகலும் கூடவே.