மடியில நிக்குமா? கேஎல்ல டேப்லெட்டும் குட்டி லேப்டாப்பும் மாத்தி மாத்தித் தூக்குன ஆறு மாசம்

நான் கிள்ளான்ல இருந்து கொமியூட்டர் ட்ரெயின் ஏறி கேஎல் (கோலாலம்பூர்) சென்ட்ரல் வர்றவ. மொழிபெயர்ப்பு வேலை, சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல டியூஷன். எனக்குன்னு ஆபீஸ் கிடையாது, ட்ரெயின் சீட்டு, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மேசை, நூலகம், இங்கதான் என் வேலையெல்லாம் நடக்குது. அதனால டேப்லெட்டா சின்ன லேப்டாப்பான்னு யாராவது கேட்டா நான் ப்ராசஸர், ரேம் பத்தியெல்லாம் பேச மாட்டேன், எங்க உக்காந்து எதுல வச்சு அடிக்கப் போறீங்கன்னுதான் கேப்பேன்.

என்கிட்ட இருக்கிறது 11 அங்குல டேப்லெட் ஒண்ணு, கூட கீபோர்டு கவர். இன்னொண்ணு செகண்ட் ஹேண்டுல எடுத்த குட்டி லேப்டாப்பு, திங்க்பேட் எக்ஸ் 280, 2018ல வந்த மாடல், 12.5 அங்குலத் திரை. டேப்லெட் மட்டும்னா அரைக் கிலோதான், கையில எடுத்தா பூ மாதிரி இருக்கும். ஆனா கவரை மாட்டிப் பாருங்க, ஒரு கிலோவைத் தொட்டுடும். லேப்டாப்பு ஒண்ணே கால் கிலோ பக்கம். அப்புறம் எங்க இருக்கு அந்த லேசு? கடையில கவர் இல்லாம தூக்கிப் பாத்துட்டு வாங்குறோம், வீட்டுக்கு வந்தப்புறம்தான் தெரியுது.

முதல் மாசம் டேப்லெட் மட்டும்தான் கொண்டு போனேன். ஷா ஆலம் தாண்டி சுபாங் ஜெயா வர்ற நேரம், மடியில வச்சு ஒரு கடிதத்தை முடிச்சிட்டிருந்தேன், ட்ரெயின் பிரேக் போட்டதும் கவரோட ஸ்டாண்டு முட்டிப் பக்கம் வழுக்கி மொத்தமா கவுந்துருச்சு, பக்கத்துல இருந்த ஆன்ட்டி டக்குன்னு கைய நீட்டிப் பிடிச்சாங்க. "குழந்தைய வச்சிருக்க மாதிரி பிடிச்சிக்கணும்மா இத"ன்னாங்க. அவங்க மட்டும் இல்லன்னா அன்னிக்கே திரை போயிருக்கும். இதுக்குக் காரணம் ரொம்ப எளிசு, டேப்லெட்ல பேட்டரி, போர்டு எல்லாம் திரைக்குள்ளயே இருக்கு, கீபோர்டுல ஒண்ணுமில்ல, அதனால கனம் எல்லாம் மேல நிக்குது, பின்னாடி சாயத்தான் பாக்கும். அத நிறுத்துற ஸ்டாண்டுக்கு மடி நீளமா வேணும், என்னை மாதிரி குள்ளமானவங்களுக்கு அந்த இடமே கிடையாது. லேப்டாப்புல கனம் பூராவும் கீழ, கீபோர்டுக்கு அடியில. எத்தனை பிரேக் போட்டாலும் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கும்.

ஆனா நின்னுட்டு வர்ற நாள்ல டேப்லெட்டை அடிச்சுக்க ஆளே இல்ல. சுபாங் ஜெயால கூட்டம் ஏறிட்டா ஒரு கை கம்பியில, ஒரு கையில டேப்லெட், கவரைக் கழட்டிப் பையில போட்டுட்டு பிடிஎஃப் படிச்சுக்கிட்டே வந்துடலாம். பிள்ளைங்க கட்டுரை திருத்துறதெல்லாம் நான் இப்படித்தான், சீட்டு கிடைச்சதும் பேனாவ எடுத்து வட்டம் போட்டுடுவேன். லேப்டாப்பை நின்னுக்கிட்டு திறக்கவே முடியாது, முடிஞ்சாலும் பக்கத்தாளு முழங்கை இடிக்கும்.

மாமாக் கடை தனிக் கதை. ரொட்டி சானாய் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தா விரல்ல ஈரம் இருக்கும், தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) கிளாஸ்ல இருந்து தண்ணி வழிஞ்சு மேசையில வட்டம் வட்டமா நிக்கும். தொடுதிரை வேலை செய்யறதே நம்ம விரல் மின்சாரத்தைக் கடத்துறதாலதான், தண்ணியும் கடத்தும், அதனால ஒரு சொட்டு விழுந்தாக்கூட அதுவே எங்கயோ அழுத்தின மாதிரி பக்கம் தாவுது, பாதி எழுதின வரி அழியுது. அப்புறம் மேல எரியிற ட்யூப் லைட்டு, கண்ணாடித் திரையில அப்படியே நீளக் கோடா விழுந்து கண்ணைக் குத்தும். என் லேப்டாப்பு பளபளப்பு இல்லாத திரை, டச்சும் கிடையாது, அதனால இந்த ரெண்டு தொல்லையும் இல்ல. மேசையத் துடைச்சு விடச் சொல்லிட்டு உக்காந்தா ரெண்டு மணி நேரம் ஓடிடும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன், தமிழ் அடிக்கிறது. விமர்சனம் எழுதுறவங்க இதத் தொடறதே இல்ல. நான் தமிழ்99 பழகினவ. 1999ல தமிழ்நாட்டுல முடிவான விசைப்பலகை அது, நம்ம மலேசியா முத்து நெடுமாறனோட முரசு அஞ்சல்ங்கிற தமிழ் மென்பொருள்லயும் இருக்கு, செல்லினம்ங்கிற போன் ஆப்லயும் இருக்கு. இதுல உயிரெழுத்து இடது கையில, மெய் பெரும்பாலும் வலது கையில. இப்ப சின்ன கீபோர்டு கவர் செய்யறவங்க என்ன பண்றாங்க, இடம் பத்தலன்னு வலது ஓரத்து விசைகளைப் பாதியா நறுக்கிடறாங்க. இங்கிலீஷ்காரனுக்கு அங்க இருக்கிறது வெறும் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும், எப்பவாவது ஒருக்கா அழுத்துவான். நமக்கு அங்கதான் ச இருக்கு, ஞ இருக்கு, ந, ய, ழ எல்லாம் இருக்கு! ச, ந, ய இல்லாம ஒரு வரி தமிழ் எழுதிப் பாருங்க. என் கவர்ல ய விசை சுண்டு விரல் நகத்து அகலம்தான், நாலு தடவைக்கு ஒரு தடவை விரல் என்டர்ல போய் விழுந்து வரி உடையும். ஒரு பக்கம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு அழுகையே வந்துருச்சு, உண்மையாச் சொல்றேன். வாங்கின கடையில மாத்திக் கேட்டேன், கவரைப் பிரிச்சாச்சுல்ல, மாத்த முடியாதுன்னுட்டாங்க. திரையில வர்ற கீபோர்டுல அடிக்கலாம்னா, படுக்க வச்சதும் அது பாதித் திரையை முழுங்கிடுது, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவே இடமில்ல. எக்ஸ் 280ல எல்லா விசையும் முழு அளவு, கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்.

லேப்டாப்புக்கும் குறை இருக்கு, இல்லன்னு சொல்லல. துன் ரசாக் சாலை தேசிய நூலகத்துல வேகமா அடிச்சா சத்தம் கேட்டு நாலு பேர் திரும்பிப் பாக்கறாங்க, அங்க டேப்லெட்தான் மரியாதை. திரை நிமிந்து நிக்கிறதால பின்னாடி உக்காந்தவங்களுக்கு நம்ம வேலை பூரா தெரியும், கம்பெனி ஒப்பந்தம் ஏதாவது இருந்தா நான் முதுகுக்குப் பின்னாடி சுவர் வர்ற மாதிரி இடம் பிடிப்பேன். சார்ஜ்தான் பெரிய வித்தியாசம். டேப்லெட்டுக்கு ஒரு சின்ன பவர் பேங்க் போதும், லேப்டாப்பும் டைப் சி தான் ஆனா அது வேகமா இழுக்கும், 45 வாட் தர்ற பவர் பேங்க்னா அதுவே நல்ல கனம். பட்டர்வொர்த்துக்கு அம்மாவப் பாக்கப் போறப்ப ஈடிஎஸ் ட்ரெயின்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், அன்னிக்கு மட்டும் ரெண்டையும் எடுத்துக்குவேன், போகும்போது லேப்டாப்புல வேலை, திரும்பும்போது டேப்லெட்ல படிப்பு.

படிக்க, திருத்த, படம் பாக்க மட்டும்னா டேப்லெட் வாங்குங்க, கவருக்குக் காசு போடாதீங்க. தமிழ்ல நிறைய எழுதறவங்க பழசா இருந்தாலும் முழு கீபோர்டு இருக்கிற குட்டி லேப்டாப்பே எடுங்க. கேஎல்ல கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச லோயாட் போனீங்கன்னா கடைக்காரர்கிட்ட ஒரு நாற்காலி கேளுங்க, மேசையில வேணாம், மடியில வச்சு தமிழ்99ல "ஞாயிற்றுக்கிழமை நல்ல செய்தி"ன்னு மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டு அப்புறமா விலை பேசுங்க.